மூன்றாவது வாரத்துக் களைப்பு

எடைப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் முதல் வாரத்தில் நின்றுவிடுவதில்லை. உடம்பெல்லாம் வலிக்கும், படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், ஆனாலும் அந்த வலியில் ஒரு பெருமை இருக்கும். அடுத்த வாரம் பாரில், அதாவது தூக்கும் கம்பியில், எடை ஏறும். பெருமை இன்னும் கூடும். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் வேறு ஒன்று ஆரம்பிக்கிறது. எவ்வளவு நேரம் படுத்திருந்தாலும் தூங்கி எழுந்த மாதிரி இருக்காது. போன வாரம் சிரமமில்லாமல் எழுந்த ஸ்குவாட் (தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழுவது) இந்த வாரம் பாதியில் நின்றுவிடும். மதியத்துக்கு மேல் வேலையில் மனம் ஒட்டாது. ஜிம் பையைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஆட்கள் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான்.

நான் பயிற்சியாளனும் இல்லை, மருத்துவனும் இல்லை. பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை, சாயங்காலம் பார்பெல் என்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. கூட வேலை பார்க்கிறவர்களில் யாராவது புதிதாகத் தொடங்கினால் கொஞ்ச நாளில் என் மேஜைக்கு வந்து நிற்பார்கள். "ப்ரோ, எனக்கு ஓவர்டிரெய்னிங் ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன். ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு வந்துடறேன்." இதில் முதல் வாக்கியம் பெரும்பாலும் தப்பு. அப்புறம் சொல்வது அதைவிடத் தப்பு. ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஓவர்டிரெய்னிங், அதாவது உடம்பு தேறுவதற்கு மேல் பயிற்சி செய்வதால் வரும் கோளாறு, உண்மையிலேயே இருக்கிறது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த இரண்டு பெரிய விளையாட்டு அறிவியல், மருத்துவ அமைப்புகள் 2013-ல் அதைப் பற்றிச் சேர்ந்தே ஓர் அறிக்கை வெளியிட்டன. அதன்படி களைப்பில் மூன்று படிகள். சில நாள், மிஞ்சிப்போனால் ஓரிரு வாரம் பயிற்சியைக் குறைத்தால் சரியாகி, முன்பைவிட மேலே கொண்டுபோய் விடுவது ஒன்று. தேறுவதற்கே பல வாரங்களோ மாதங்களோ எடுத்து, எந்தப் பலனும் தராதது இன்னொன்று. மாதக்கணக்கில் ஆளையே படுக்கப் போட்டு, வேறு எந்த நோயும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்த பிறகே உறுதி செய்யப்படுவது கடைசிப் படி. நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி செய்யும் போட்டி வீரர்களிடம்தான் இந்தக் கடைசி வகையைப் பற்றிய பேச்சே வருகிறது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஜிம்மில் இருப்பவர் அந்த இடத்தை அடைவது மிக அரிது. அந்த அளவுக்குப் பாரம் தூக்கும் பலமே அவருக்கு இன்னும் வரவில்லை.

அப்படியானால் அந்தக் களைப்பு பொய்யா? பொய்யில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதியவர்களுக்கான திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஸ்குவாட்டில் 2.5 கிலோ கூட்ட வேண்டும். வாரத்துக்கு 7.5 கிலோ. 40 கிலோவில் தொடங்கியவர் நான்கு வாரம் கழிந்து 70 கிலோவில் நிற்பார். தொடர்ந்து 5 தடவை (ரெப்) வீதம் 3 சுற்று (செட்) என்றால் முதல் நாள் தூக்கிய மொத்தப் பாரம் 600 கிலோ. இப்போது 1,050 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கை நெருங்குகிறது. இந்த நான்கு வாரத்தில் அவருடைய தூக்கம் எவ்வளவு கூடியது? சாப்பாடு எவ்வளவு கூடியது? பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் அப்படியே இருக்கும், அல்லது குறைந்திருக்கும். சம்பளம் அதே சம்பளம், தவணை மட்டும் மாதாமாதம் ஏறுகிறது என்றால் வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் உடம்பிலும் நடக்கிறது.

முதல் இரண்டு மூன்று வாரம் இது தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்கத்தில் வரும் பலத்தில் பெரும்பங்கு புதுத் தசையால் வருவதில்லை. இருக்கிற தசையை நரம்பு மண்டலம் இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கிறது. மோரிடானியும் டிவ்ரீஸும் 1979-ல் இதை அளந்து காட்டினார்கள்; முதல் சில வாரங்கள் நரம்புகளின் பங்கு, அதற்கப்புறம்தான் தசை வளர்ச்சியின் பங்கு மேலே வருகிறது. ஆக முதல் வாரங்களில் ஏறும் கிலோக்கள் ஏறக்குறைய இலவசம். இலவசம் தீர்ந்து, எடை நிஜமாகவே கனக்கத் தொடங்கும்போது உடம்புக்குக் கட்டுமானப் பொருளும் ஓய்வும் வேண்டியிருக்கிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் வந்து இடிப்பது அதனால்தான்.

எடை ஏறவில்லை என்றதும் "பலம் குறைந்துவிட்டது" என்று பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். எரிக் பானிஸ்டரும் அவருடன் இருந்தவர்களும் 1975-ல் ஒரு கணித மாதிரியை முன்வைத்தார்கள். ஒவ்வொரு பயிற்சியும் உடம்பில் இரண்டு விளைவுகளைப் போடுகிறது: ஒன்று உடல்தகுதி, இன்னொன்று களைப்பு. களைப்பு பெரிதாக வந்து சீக்கிரம் வடிகிறது. தகுதி சிறிதாக வந்து நின்று வடிகிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் உங்களால் எவ்வளவு தூக்க முடிகிறது என்பது இந்த இரண்டின் வித்தியாசம். இதைப் புரிந்துகொண்டால் மனசுக்கு ஒரு நிம்மதி. திங்கட்கிழமை எழாத எடை, பலம் போய்விட்டதற்குச் சாட்சி இல்லை. பலம் களைப்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. நான்கைந்து நாள் சுமையைக் குறைத்தபின் அதே எடை எழுவதைப் பார்த்து, பலரும் ஏதோ அதிசயம் நடந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

சரி, வலிக்கு வருவோம். களைப்பையும் தசை வலியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் தொல்லை அதிகம். லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதால் மறுநாள் வலிக்கிறது என்று இன்னமும் ஜிம்களில் சொல்கிறார்கள். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அது ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும்; மறுநாள் வலிப்பதற்கு அது எப்படிக் காரணமாகும்? தாமதமாக வரும் இந்த வலியை தியடோர் ஹஃப் 1902-லேயே விவரித்து, தசைக்குள் ஏற்படும் நுண்ணிய சேதம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றார். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது, அதாவது ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது, டம்பெல்லை மெதுவாக இறக்கும்போது, இது அதிகம். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும்.

இந்த வலிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதே பயிற்சியை இரண்டாவது தடவை செய்யும்போது வலி பாதிகூட வராது. ஒரு முறை பட்ட பாட்டை வைத்தே தசை தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வலிக்கிறது என்று நீளமாக விடுப்பு எடுக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வலி, விடுப்பு, திரும்பி வந்து பழைய எடையிலேயே கை வைப்பது, மறுபடி முதல் நாள் மாதிரி வலி, மறுபடி விடுப்பு. இந்தச் சுற்றில் வருடம் முழுக்கச் சுற்றியும் என்றைக்கும் முதல் வாரத்திலேயே இருப்பவர்களை ஜிம்மில் பார்க்கலாம். தங்கள் உடம்புக்கு இது ஒத்துவரவில்லை என்று அவர்கள் நம்புகிறார்கள். ஒத்துவருவதற்கு உடம்புக்கு அவர்கள் தொடர்ந்து வாய்ப்பே கொடுக்கவில்லை.

வலி இருக்கும் நாளில் போய் பாதி எடையில் பாதி செட் செய்துவிட்டு வாருங்கள். வார்ம்-அப் முடிவதற்குள் வலி பாதி குறைந்துவிடும். இன்னொன்று, வலித்தால்தான் பயிற்சி பலித்தது என்ற எண்ணத்தையும் விட வேண்டும். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் பலம் ஏறலாம். நன்றாகப் போகும் மாதங்கள் அப்படித்தான் இருக்கும்.

களைப்போடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உடல் எடை குறைக்கவும் முயற்சி செய்கிறீர்களா?" என்றுதான். பாதிப் பேருக்கு மேல் ஆமாம் என்பார்கள். ஒரே திங்கட்கிழமையில் ஜிம்மில் சேர்ந்து, இரவுச் சாப்பாட்டையும் நிறுத்தி, காலையில் ஓடவும் ஆரம்பித்திருப்பார்கள். தவணை ஏறும்போது சம்பளத்தையும் பாதியாக வெட்டினால் எப்படி? எடை குறைப்பதும் பலம் ஏற்றுவதும் சேர்ந்து நடக்காது என்று நான் சொல்லவில்லை. புதியவர்களுக்கு, அதிலும் உடம்பில் கொழுப்பு அதிகம் இருப்பவர்களுக்கு, இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஆனால் வெட்டு சிறியதாக இருக்க வேண்டும். புரதம் குறையக் கூடாது. மாவுச்சத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டு, கனமான செட்டின் நடுவில் கால் ஏன் நடுங்குகிறது என்று யோசிப்பதில் பயனில்லை. அந்த வேலைக்குத் தசை எரிப்பது பெரும்பாலும் அதில் சேமித்து வைத்த மாவுச்சத்தைத்தான்.

புரதத்துக்கு ஒரு எண் வேண்டும் என்றால், 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், சாதாரணமாகச் சாப்பிடுகிறவர் பலரும் இதில் பாதியைத் தாண்டுவதே கஷ்டம் என்று புரியும். ஒரே வாரம் சாப்பிடுவதை எல்லாம் எழுதிப் பாருங்கள், போதும். புரோட்டீன் பவுடர் அவசியமா என்று கேட்பார்கள். அது சாப்பாடு, அவ்வளவுதான். மற்ற வழியில் கணக்கு நிறைந்தால் தேவையில்லை.

தூக்கத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் காது கொடுப்பதில்லை. அமெரிக்காவின் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-ல் பெரியவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்சம் 7 மணி நேரம். 2010-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு எனக்கு இதைவிட உறைத்தது. குறைவாகச் சாப்பிட வைத்து, ஒரே ஆட்களை இரண்டு வாரம் 8.5 மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் 5.5 மணி நேரமும் படுக்கையில் இருக்கவிட்டார்கள். குறைந்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்த வாரங்களில் அந்த இழப்பில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் மேல் சரிந்து, கொழுப்பில்லாத பகுதி அதிகம் கரைந்திருந்தது. அதாவது தூங்காமல் எடை குறைக்கிறவர், ஜிம்மில் கட்ட முயல்வதையே இரவில் உடைத்துக்கொண்டிருக்கிறார்.

"தூக்கம் வரல ப்ரோ" என்று சொல்பவரிடம் அடுத்த கேள்வி, சாயங்காலம் பயிற்சிக்கு முன் என்ன குடிக்கிறீர்கள் என்பது. ப்ரீ-வொர்க்அவுட் பவுடர் பலவற்றில் ஒரு ஸ்கூப்பில் 150 முதல் 300 மில்லிகிராம் காஃபின் இருக்கும். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 2013-ல் சோதித்தபோது, படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபின்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடுங்கியது. ஏழு மணிக்கு அதைக் குடித்துவிட்டு, பதினொரு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்து, காலையில் அசதியாக எழுந்து, அந்த அசதி தீர மாலையில் இன்னும் அரை ஸ்கூப் கூடப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். களைப்புக்கு மருந்து என்று எடுப்பதே களைப்பின் காரணம். இரண்டு வாரம் அந்தப் பவுடரை நிறுத்திப் பாருங்கள் என்றால் முகம் சுளிப்பார்கள். முதல் சில நாள் தலை வலிக்கும், பயிற்சி சப்பென்று இருக்கும். அதற்கப்புறம் தூக்கம் திரும்பும்.

அலுவலகத்திலோ வீட்டிலோ நெருக்கடி இருக்கும் காலத்தில் பார்பெல் கனப்பது கற்பனை இல்லை. ஹான்ஸ் செல்யே 1936-ல் எலிகளை வைத்துச் சொன்னதே அதுதான்: குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு, நஞ்சு என்று எது தாக்கினாலும் உடம்பின் முதல் எதிர்வினை ஒரே சாயலில் இருக்கிறது. 2014-ல் கல்லூரி மாணவர்களைக் கால்களால் கனத்தைத் தள்ளும் லெக் பிரஸ் செய்ய வைத்து 4 நாட்கள் தொடர்ந்து அளந்தபோது, மன அழுத்தம் அதிகம் இருந்தவர்களின் தசை தேறுவதற்கு அதிக நேரம் எடுத்தது. தேர்வு, கைக்குழந்தை, புது வேலை என்று ஏதாவது ஓடும் மாதத்தில் எடையை ஏற்றாமல் அப்படியே பிடித்து வைத்திருப்பதும் நல்ல பயிற்சிதான். என் நோட்டில் அன்றைய எடைகளுக்குப் பக்கத்தில் முந்தைய இரவின் தூக்கத்தையும், வேலை எப்படி இருந்தது என்று ஒரு சொல்லும் எழுதுவது வழக்கம். மோசமான நாட்களுக்கு நேரே ஓரத்தில் பெரும்பாலும் காரணம் உட்கார்ந்திருக்கும். திட்டத்தை மாற்றலாமா, பலத்துக்கென்று விற்கும் கிரியேட்டின் பவுடர் வாங்கலாமா என்று யோசிப்பதற்கு முன் அந்த ஓரத்தைப் பார்ப்பேன்.

ஜிம்முக்குள் நடக்கும் சில விஷயங்களும் இருக்கின்றன. செட்டுகளுக்கு நடுவில் ஒரு நிமிடம்கூட உட்காராதவர்கள் உண்டு. உட்கார்ந்தால் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். கனமான செட்டுக்குத் தசை உடனடியாக எடுத்துச் செலவழிக்கும் சேமிப்பு பெருமளவு திரும்ப 3 முதல் 5 நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் தூக்கினால் அடுத்த செட் கெட்டுப்போவது பலவீனத்தால் அல்ல, அவசரத்தால். அப்புறம், ஒவ்வொரு செட்டையும் இனி முடியவே முடியாது என்கிற வரை இழுப்பது. இரண்டு ரெப் மிச்சம் வைத்து நிறுத்தினாலும் புதியவருக்குப் பலம் ஏறும். மறுநாள் உடம்பு கொடுக்கும் விலை மட்டும் வெகுவாகக் குறையும். திட்டத்தில் மூன்று பயிற்சிகள் எழுதியிருக்க, பக்கத்தில் இருப்பவர் செய்கிறார் என்று இன்னும் ஐந்து மெஷினில் ஏறி இறங்குவதையும் நிறுத்தலாம்.

பனிக்கட்டித் தண்ணீரில் உட்கார்ந்தால் சீக்கிரம் தேறலாம் என்று வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். வலி கொஞ்சம் குறையலாம். ஆனால் 2015-ல் வந்த ஆய்வில், 12 வாரம் ஒவ்வொரு எடைப் பயிற்சிக்குப் பிறகும் குளிர்ந்த நீரில் 10 நிமிடம் இருந்தவர்களுக்குத் தசையும் பலமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறின. அடுத்தடுத்த நாள் போட்டி இருப்பவருக்கு அது உதவலாம். நமக்குப் போட்டி எதுவும் இல்லை.

ஏற்கெனவே களைப்பில் இருக்கிறவர் இன்றைக்கு என்ன செய்வது? விடுப்பு வேண்டாம். வழக்கமான நாட்களில் போங்கள், பாரில் 10 சதவீதம் குறையுங்கள், செட்டுகளைப் பாதியாக்குங்கள், ஒரு வாரம். ஜிம்காரர்கள் இதை டீலோடு என்பார்கள். நேரம் வீணாகிறதே, பலம் போய்விடுமே என்ற பயம் வரும். 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பயத்துக்கு நல்ல மருந்து. 16 வாரம் வாரத்துக்கு மூன்று நாள் முழுப் பயிற்சி செய்தவர்கள், அதற்கப்புறம் 32 வாரம் அதில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் செய்தார்கள். வாரத்தில் ஒரே நாள், அதிலும் மூன்றில் ஒரு பங்கு செட். ஏறிய பலம் அவ்வளவு காலமும் பெருமளவு நின்றது. அப்படியிருக்க ஒரு வாரம் பாதியாகச் செய்வதில் எதுவும் கரையப் போவதில்லை. அந்த வாரத்தில் மிச்சமாகும் நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுங்கள்.

தூக்கத்தையும் சாப்பாட்டையும் சரி செய்து, ஒரு இலகுவான வாரமும் எடுத்து, இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் அதே அசதி இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, தைராய்டு, பி12, வைட்டமின் டி, சர்க்கரை, இவற்றுக்கான ரத்தப் பரிசோதனையை அவர் எழுதிக் கொடுக்கலாம். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை. ரத்தசோகையோடு ஸ்குவாட்டில் எடை ஏறவில்லை என்று திட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி விழுகிறவர் அதையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்து போன வாரங்களில் நிதானம் தேவை. பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தசை கடுமையாக வீங்கி அசைக்க முடியாமல் ஆனாலோ, நெஞ்சில் வலி வந்தாலோ காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இலகுவான வாரம் முடிந்ததும் சிக்கிய எடைக்கே நேராகப் போகாதீர்கள். 70 கிலோவில் நின்றவர் 65-ல் ஆரம்பிக்கட்டும். தாவலையும் சிறிதாக்கலாம். பக்கத்துக்கு அரைக் கிலோ பிளேட் கிடைத்தால் ஒரு நாளைக்கு 1 கிலோ மட்டும் ஏறும். பெஞ்ச் பிரஸ், தோள் பிரஸ் மாதிரி சிறிய தசைகள் வேலை செய்யும் இடங்களிலும், உடல் எடை குறைவானவர்களுக்கும் 2.5 கிலோ என்பது ஆரம்பத்திலிருந்தே பெரிய தாவல்தான். அந்த எண் பலருடைய உடம்பைப் பார்த்து வைத்தது இல்லை. ஜிம்களில் கிடைக்கும் மிகச் சிறிய பிளேட் பெரும்பாலும் 1.25 கிலோ, இரண்டு பக்கமும் போட்டால் 2.5 என்பதால் வந்து உட்கார்ந்தது.

இவ்வளவும் செய்து, நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டும் மறுபடி அதே எடையில் வந்து நின்றால் என்ன என்று கேட்பார்கள். அப்போது ஜிம்முக்குப் போகும் ஒவ்வொரு நாளும் எடை ஏற்றும் காலம் அந்தப் பயிற்சியில் உங்களுக்கு முடிந்துவிட்டது. இனி வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுங்கள். மூன்று நாளில் ஒன்றைக் கனமாகவும் ஒன்றை நடுத்தரமாகவும் ஒன்றை இலகுவாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்குவாட் இந்த இடத்துக்கு வந்திருக்கும்போது தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் இன்னும் பழையபடி ஏறிக்கொண்டிருக்கலாம். அதைத் தடுக்க வேண்டாம்.